நீர்ச்சக்கரம் முதல் சென்சார் வரை: சர்க்கரையை அளந்த வரலாறும் நம் தேர்வும்



"வாப்பாவின் கையில் சென்சார் ஒட்டலாமா? எந்த நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ப்பது?" என்ற கேள்வி இப்போது நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. மேற்கையின் பின்புறத்தில் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு வெள்ளை வில்லை. அதன் அடியில் தோலுக்குள் இறங்கியிருக்கும் மயிரிழை போன்ற ஓர் இழை. இரவும் பகலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவு கைப்பேசிக்கு வந்துகொண்டேயிருக்கிறது. மருத்துவர்கள் இதைத் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு என்றும் சி.ஜி.எம். என்றும் அழைக்கின்றனர். நீரிழிவு உள்ள முதியவர்கள் மட்டுமின்றி, எந்த நோயும் இல்லாத இளைஞர்களும் உடல்நலத்தின் பெயரால் இதை ஒட்டிக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். விளம்பரங்களை வைத்து இதற்கு விடை காண இயலாது. இக்கருவி யாருக்காக, எந்த ஆபத்தை முன்னிட்டுப் பிறந்தது என்பதை அறிந்தால் விடை ஓரளவு தானே தெளியும். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

அரபு மருத்துவர்கள் இந்நோயைக் கிரேக்கப் பெயரால் அறிந்திருந்தனர். அதனுடன் தமக்கே உரிய ஒரு பெயரையும் சூட்டினர். கிணற்றிலிருந்து நீரை முகந்து முகந்து வெளியே கொட்டும் நீர்ச்சக்கரத்திற்கு 'தூலாப்' என்று பெயர். நோயாளி குடித்த நீர் உடலில் தங்காமல் அப்படியே வெளியேறுவதைக் கண்ட அவர்கள், அச்சக்கரத்தின் பெயராலேயே நோயையும் குறித்தனர். ஹிஜ்ரி 428 இல் (கி.பி. 1037) ஹமதான் நகரில் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளார். பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (மறைவு 1231) இதற்கென்றே தனியாக ஒரு சிறு நூல் இயற்றினார். நம் மண்ணிலோ சரகர், சுசுருதர் வழிவந்த மருத்துவர்கள் சிறுநீரின் இனிப்பைக் கவனித்து 'மதுமேகம்' என்றனர். எறும்பு மொய்ப்பதே அவர்களுக்குச் சோதனையாக இருந்தது. தமிழில் வழங்கும் நீரிழிவு, மதுமேகம் என்னும் இரு சொற்களில் ஒன்று நீரைப் பேசுகிறது. மற்றொன்று இனிப்பைப் பேசுகிறது. மதரஸா மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் வியப்படைவதைக் காண்கிறோம்.

ஆனால் இவர்களில் எவரிடமும் அளவு இல்லை. இனிப்பு உண்டா, இல்லையா என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. 1776 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்துச் சர்க்கரையைக் கண்ணால் காணும்படி செய்தார். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிப்பதை அவர் கண்டார். குறை சிறுநீரோடு நிற்பதில்லை, இரத்தத்திலேயே இருக்கிறது என்பதற்கு அது முதல் சான்றாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்டின் நீலக் கரைசல் வந்தது. பள்ளி ஆய்வகத்தில் அதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிறுநீரின் சில சொட்டுகளை அதில் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என மாறும். பல பத்தாண்டுகள் நோயாளிகளின் வீட்டுச் சோதனை இதுவாகவே இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948 இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிப் பின்னர் ராயபுரத்தில் மருத்துவமனை நிறுவிய டாக்டர் எம். விசுவநாதன் காலத்து நோயாளிகளும் இந்த நிறங்களைப் பார்த்தே வாழ்ந்தவர்கள்.

இச்சோதனையில் ஒரு பெருங்குறை இருந்தது. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பிறகுதான் சர்க்கரை சிறுநீரில் கசியத் தொடங்கும். 100 இருந்தாலும் நிறம் மாறாது. 40 இருந்தாலும் மாறாது. முன்னது நலம், பின்னது மயக்கத்தின் வாசல். நீலக் கரைசலுக்கு இரண்டும் ஒன்றே.

1922 க்கு முன்பு இக்குறை பெரிதாக உறுத்தவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. இறப்பு உறுதி என்றிருந்த குழந்தைகள் பிழைத்தெழுந்தனர். அந்த மருந்தோடு ஒரு புதிய அச்சமும் வீட்டுக்குள் நுழைந்தது. மருந்து சற்றுக் கூடினாலோ உணவு சற்றுத் தாமதித்தாலோ சர்க்கரை வேகமாக இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். கவனிக்காவிட்டால் நினைவு தப்பும். நாம் பேசவிருக்கும் கருவிகள் அனைத்திற்கும் இந்த அச்சமே தாய். இதை மறந்துவிட்டு அவற்றை மதிப்பிட முடியாது.

அந்த அச்சத்தோடு வாழ்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். பன்னிரண்டு வயதிலிருந்தே அவருக்கு இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு. 1960களின் இறுதியில், ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரையை அளந்து சொல்லும் கருவியொன்று சந்தைக்கு வந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்பார்கள். பெர்ன்ஸ்டைனின் மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் ஒன்றை வாங்கினார். நாளொன்றுக்குப் பலமுறை தம்மைத் தாமே அளந்து, எந்த உணவுக்கு எவ்வளவு ஏறுகிறது, எந்த ஊசிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துவைத்தார். சில ஆண்டுகளில் அவர் உடல்நிலை தேறியது. தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார், ஏற்க மறுத்தனர். மருத்துவர் அல்லாதவரின் பேச்சை யார் கேட்பார்? நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, 1983 இல் மருத்துவராகவே வெளிவந்தார். இன்று நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் குளுக்கோமீட்டருக்குப் பின்னால் இத்தகைய பிடிவாதம் இருக்கிறது. அவர் சொன்ன உணவுமுறை அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. நோயாளி தன் எண்ணைத் தானே அறியலாம் என்னும் உரிமையை நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அதுவே நமக்கு வேண்டியது.

அதே காலத்தில் ஈரானில் இன்னொரு கதவு திறந்தது. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் இரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்த சாமுவேல் ரஹ்பர், 1968 இல் நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு பகுதி இருப்பதைக் கண்டார். இரத்தத்தில் சுற்றும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்வதன் தடம் அது. 'மூன்று மாதச் சர்க்கரை' என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. சோதனையின் வேர் இதுவே. ரஹ்பர் ஒரு யூதக் குடும்பத்தில், ஹமதானில் பிறந்தவர். இப்னு ஸீனா அடங்கியிருக்கும் அதே ஹமதான்! ஓர் ஊர் இந்நோயின் வரலாற்றில் இருமுறை இடம்பெற்றதை நினைத்து நாம் மகிழ்வதுண்டு.

மூன்று மாதச் சர்க்கரை சராசரியைச் சொல்லும். ஆனால் சராசரி சில உண்மைகளை மறைக்கும். பகலில் 250, பின்னிரவில் 50 என்று ஊசலாடுபவரின் சராசரியும் அமைதியாக ஓடுபவரின் சராசரியும் ஒன்றாக இருக்கக்கூடும். இந்த இடைவெளியை நிரப்பவே தொடர் கண்காணிப்பு தேவைப்பட்டது. அதன் அடிப்படையை 1962 இலேயே லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க அறிஞர் அமைத்திருந்தார். குளுக்கோஸோடு மட்டும் வினைபுரியும் நொதியொன்றை மின்முனையின் மீது படியவைத்தால், சர்க்கரையின் அளவை மின்னோட்டமாகப் படிக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி. இன்றைய சென்சார்களும் அவ்வழியில்தான் இயங்குகின்றன.

1999 இல் அமெரிக்க அரசு முதல் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று நாள் பதிவுசெய்யும். ஆனால் அணிந்திருப்பவருக்கு எதையும் காட்டாது. மருத்துவரிடம் திரும்பச் சென்ற பிறகே வரைபடம் கிடைக்கும். 2001 இல் கைக்கடிகார வடிவில் ஒன்று வந்தது. தோலைப் புண்ணாக்கியதால் நிலைக்கவில்லை. அணிந்தவரே உடனுக்குடன் எண்ணைப் பார்க்கவும் சர்க்கரை இறங்கினால் எச்சரிக்கை ஒலி கேட்கவும் 2005, 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 இல் ஐரோப்பாவில் வெளிவந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே, பதினான்கு நாள் தாங்கும் சென்சாரை, விரல் குத்திச் சரிபார்க்கும் தேவையின்றி அளித்தது. அதன் பிறகே இது பரவலாயிற்று.

இதுவரை இது நோயாளிகளின் கருவி. அடுத்த திருப்பம் வணிகத்தினுடையது. அமெரிக்காவில் லெவல்ஸ், நியூட்ரிசென்ஸ் போன்றவையும் இந்தியாவில் அல்ட்ராஹியூமன் போன்றவையும் 2019 ஐ ஒட்டித் தோன்றின. சென்சாரோடு ஒரு செயலி, உணவு ஆலோசனை, மதிப்பெண், மாதச் சந்தா ஆகியவற்றைச் சேர்த்துத் 'திட்டம்' என்று விற்கும் முறை பரவியது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு மருந்துச்சீட்டின்றி விற்கத்தக்க முதல் சென்சாருக்கு அனுமதி அளித்தது. அந்த அனுமதியின் எல்லையைக் கவனியுங்கள்: இன்சுலின் பயன்படுத்தாத, பதினெட்டு வயது நிரம்பியோருக்கு மட்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் தொல்லை உள்ளவர்களுக்கு அன்று. ஏனெனில் அது எச்சரிக்காது.

இந்தத் திருப்பத்தில் கருவியின் உயிர்நாடியே மாறிப்போகிறது. எந்த அச்சத்திற்காக எண்பது ஆண்டுகள் உழைத்தார்களோ, அந்த எச்சரிக்கை மணி இல்லாத சென்சாரும் இப்போது அதே தோற்றத்தில் விற்பனைக்கு உண்டு. இன்சுலின் ஊசி போடும் நம் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ, நள்ளிரவில் எழுப்பும் மணியில்லாத திட்டம் எவ்வளவு அழகான செயலியோடு வந்தாலும் பயனற்றது. மணி ஒலிக்குமா என்பதே முதல் கேள்வி. விலை அதன் பின்னரே.

நோயில்லாதவர்களுக்கு என்ன சொல்வது? 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, நீரிழிவு இல்லாத 153 பேருக்குச் சென்சார் அணிவித்துப் பார்த்தது. அவர்களின் சர்க்கரை நேரத்தில் ஏறத்தாழ 96 விழுக்காடு 70 க்கும் 140 க்கும் இடையிலேயே இருந்தது. அவ்வப்போது 140 ஐத் தாண்டுவது நலமுள்ள உடலிலும் நிகழ்வதே. இதை அறியாத இளைஞர் ஒரு பேரீச்சம்பழத்திற்குப் பின் வரைபடம் ஏறுவதைக் கண்டு கலங்கி, பழத்தையே விலக்கிவிடுகிறார். இத்தகைய கண்காணிப்பு நலமுள்ளவருக்கு நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. அப்பணத்தில் ஆண்டுக்கொருமுறை வெறும் வயிற்றுச் சோதனையும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையும் செய்துகொண்டு, எஞ்சியதை வேறு நற்காரியத்திற்குச் செலவிடலாம் என்பது நம் கருத்து. ஆனால் சர்க்கரை எல்லையில் நிற்பவர் நிலை வேறு. தம் இரவு உணவு பரோட்டாவா கஞ்சியா என்பதில் எவ்வளவு வேறுபாடு என்று ஒருமுறை கண்ணால் காண்பது பல அறிவுரைகளைவிட வலியது. அதற்கு ஒரே ஒரு சென்சார், பதினான்கு நாள் போதும். ஆண்டுச் சந்தா வேண்டியதில்லை.

திட்டத்தின் மதிப்பு சென்சாரைவிட அதை வாசிக்கும் மனிதரைப் பொறுத்தது. வரைபடத்தைப் பார்ப்பவர் பதிவுபெற்ற மருத்துவரா, அல்லது 'பயிற்சியாளர்' என்ற பெயரில் தொலைபேசியில் பேசும் ஒருவரா? மாத்திரையைக் குறைக்கவோ இன்சுலின் அளவை மாற்றவோ உரிமை யாருக்கு? நம் சொந்த மருத்துவருக்கு அந்த அறிக்கையை அனுப்ப முடியுமா? நம் பதிவுகள் எங்கே சேமிக்கப்படும், வேறு யாருக்குத் தரப்படும்? இவற்றைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். செயலியின் சொந்த மதிப்பெண்களை நம்பியிருக்கவும் வேண்டாம். 2019 இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. நீரிழிவு உள்ள பெரும்பாலானோருக்கு 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் நாளின் 70 விழுக்காட்டுக்கு மேலான நேரம் இருக்க வேண்டும். 70 க்குக் கீழே 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முதியோருக்கு அதே எல்லைக்குள் பாதி நேரத்திற்கு மேல் இருந்தால் போதும் என்றும், 70 க்குக் கீழே 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் தளர்த்தியும் இறுக்கியும் வகுத்தனர். எழுபது வயது உம்மாவையும் முப்பது வயது மகனையும் ஒரே இலக்கால் அளக்கும் செயலியை நாம் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

எண்ணிலும் பிழை உண்டு. சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலடியில் திசுக்களைச் சுற்றியுள்ள நீரை அளக்கிறது. சர்க்கரை விரைந்து ஏறும்போதும் இறங்கும்போதும் அது சில நிமிடங்கள் பின்தங்கும். சென்சார் உள்ள கையின்மேல் ஒருக்களித்துப் படுத்தாலே பொய்யாகத் தாழ்ந்த எண்ணைக் காட்டும். சில வகைகளில் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எண்ணை உயர்த்திக் காட்டும். ஆகவே உடல் சொல்வதும் எண் சொல்வதும் முரண்பட்டால் விரல் குத்திப் பாருங்கள். பழைய குளுக்கோமீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் பெட்டிகளில் அத்தகைய கடிகாரங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி நோன்பு. 2001 இல் பதின்மூன்று நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த எபிடயார் ஆய்வில், ரமளானில் சர்க்கரை கடுமையாக இறங்கும் நிகழ்வுகள் முதல் வகையினரிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடின. அப்போது பலரிடம் குளுக்கோமீட்டர் இல்லை. இருந்தவர்களிலும் சிலர் விரல் குத்தினால் நோன்பு முறியுமென அஞ்சினர். 1997 இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சோதனைக்காக இரத்தம் எடுப்பதும் ஊட்டம் தராத ஊசிகளும் நோன்பை முறிக்காது என முடிவு செய்திருந்தது. சென்சாரின் பெயர் அதில் இல்லை. ஆயினும் உடலுக்குள் எந்த ஊட்டத்தையும் செலுத்தாத இழை என்பதால், அதே வழியில் இதையும் விளங்கிக்கொள்ளலாம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் அதனோடு இணைந்த ரமளான் குழுவும் வெளியிட்ட வழிகாட்டி, சர்க்கரை 70 க்குக் கீழே இறங்கினாலோ 300 ஐத் தாண்டினாலோ நோன்பை முடித்துக்கொள்ளச் சொல்கிறது. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கவும் இயலாதவர்க்கு ஃபித்யா அளிக்கவும் மார்க்கம் இடமளித்திருக்கும்போது, மாலை நான்கு மணிக்கு 62 என்று காட்டும் எண்ணோடு மஃரிப் வரை காத்திருப்பது பொறுமையாகாது.

குளிப்பைப் பற்றியும் கேட்கின்றனர். சென்சார் முழங்கைக்கு மேலே இருப்பதால் உளூவுக்குத் தடையில்லை. கடமையான குளிப்பிலோ அதன் அடியில் நீர் படாது. காயக்கட்டின் சட்டத்தோடு ஒப்பிட்டே இதைப் பேச வேண்டியிருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் கட்டின்மேல் மஸ்ஹு செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்முமும் வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. இச்சலுகையின் அடித்தளம் தேவை. இன்சுலின் போடுபவரின் தேவையும் ஆர்வத்திற்காக ஒட்டிக்கொள்பவரின் விருப்பமும் ஒன்றல்ல என்பதை எண்ணி, ஒட்டுமுன் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு சென்சாருக்குத்தான் வசதி என்றால் எப்போது ஒட்டுவது? ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. அப்போதே இதையும் பேசி, ஷஃபானின் கடைசி வாரத்தில் ஒட்டினால், நோன்பில்லா நாட்கள் ஒரு வாரமும் நோன்பு நாட்கள் ஒரு வாரமும் ஒரே அறிக்கையில் கிடைக்கும். ஸஹருக்கான மாத்திரை கூடுதலா, இஃப்தாரின் கஞ்சியும் வடையும் மிகுதியா என்பதை மருத்துவர் அதில் பார்த்துக்கொள்வார். எச்சரிக்கை மணி நோயாளியின் கைப்பேசியோடு வீட்டில் இருக்கும் மருமகளின் கைப்பேசியிலும் ஒலிக்கும்படி அமைத்துவிடுங்கள். அஸருக்குப் பின் வாப்பா உறங்கும் அறையில் ஒரு தம்ளர் சர்க்கரை நீரும் இருக்கட்டும்.